அவர் யார் என்று எழுதித் தாருங்கள்

நேர்சிங் ஹோமில் வேலை என்று சொன்னால் எங்கள் சனத்தில் பலர் கொஞ்ச நேரம் பேசமாட்டார்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, "கழுவித் துடைக்கிற வேலைதானே பிள்ளை?" என்று கேட்பார்கள். ஓம், கழுவித் துடைக்கிற வேலைதான். ஒன்ராறியோவில் இதற்கு பெர்சனல் சப்போர்ட் வேர்க்கர் என்று பெயர். வாய்வழக்கில் பி.எஸ்.டபிள்யூ. ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் ஈழத்துப் பெண்கள் நிறையப் பேர் இந்த வேலையில் இருக்கிறோம். நான் முன்பு வேலை செய்த தொழிற்சாலை மூடியபோது கிடைத்த பணத்தில் நான் இந்தப் படிப்பைப் படித்தேன். அன்றிலிருந்து இதுதான் என் தொழில். தாய் தகப்பனை இப்படி ஓர் இடத்தில் சேர்த்துவிட்டு, அதை உறவுக்கு மறைத்து, வந்து பார்க்கவும் கூசிக்கொண்டிருக்கும் பிள்ளைகளை வருடக்கணக்காகப் பார்க்கிறேன். இதை எழுதுவது அவர்களுக்காக.

கழுவுவது என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பகல் ஷிஃப்ட் ஏழு மணிக்குத் தொடங்கும். இரவு வேலை செய்தவர், யார் நித்திரை கொள்ளவில்லை, யார் கட்டிலால் இறங்கப் பார்த்தார், யாருக்கு மூன்று நாளாக வயிற்றால் போகவில்லை என்று சொல்லிவிட்டுப் போவார். எனக்கு எட்டுப் பேர். ஆள் வராத நாளில் பத்து, சில சனி ஞாயிறுகளில் பன்னிரண்டு. எட்டரைக்குக் காலைச் சாப்பாடு. அதற்குள் எட்டுப் பேரையும் எழுப்பி, பம்பர்ஸ் மாற்றி, முகம், அக்குள், அடிப்பகுதி எல்லாம் கழுவித் துவட்டி, பொய்ப்பல் மினுக்கிப் போட்டு, காதுக் கருவி கொளுவி, உடுப்பு மாற்றி, வீல் செயாரில் இருத்திச் சாப்பாட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும். கால் ஊன்ற ஏலாதவரை ஹொயர் லிஃப்ட் என்ற தூக்கும் கருவியில்தான் தூக்க வேண்டும். ஆளை ஒருபக்கம் புரட்டி அடியில் ஸ்லிங் துணியை விரித்து, மறுபக்கம் புரட்டி இழுத்து, வார்களைக் கொளுவி, தலை ஆடாமல் பிடித்துக்கொண்டு உயர்த்த வேண்டும். இதை ஒருவர் தனியே செய்யவே கூடாது. இரண்டு பேர் நிற்க வேண்டும். அந்த இரண்டாவது ஆளும் தன்னுடைய எட்டுப் பேரோடு அடுத்த அறையில் நின்றுகொண்டிருப்பாள். கணக்குப் பார்த்தால் ஒருவருக்குப் பதினொரு நிமிடம்.

அந்தப் பதினொரு நிமிடமும் கை கழுவிக்கொண்டிருக்கும். கண் தோலைப் பார்த்துக்கொண்டிருக்கும். நாரிக்குக் கீழே, இடுப்பெலும்பு, குதிக்கால், முழங்கை, காதின் பின்பக்கம். படுக்கைப்புண் தொடங்கும்போது புண்ணாகத் தெரியாது. விரலால் அழுத்தினாலும் வெளிறாத ஒரு சிவப்பாகத் தெரியும் என்று படிக்கும்போது சொல்லித்தந்தார்கள். நாங்கள் படித்த படங்களில் இருந்தது வெள்ளைத் தோல். எங்கள் ஆட்களின் தோலில் அந்தச் சிவப்புத் தெரியாது. சுற்றியிருக்கும் தோலைவிட ஒருபடி கறுத்தோ ஊதாப் பூத்தோ இருக்கும்; தொட்டால் சூடாக, சிலவேளை குளிராக, இறுகியோ பொதபொதத்தோ இருக்கும். பார்ப்பதைவிடத் தொட்டுத்தான் அதைக் கண்டுபிடிக்கலாம். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு, அவர்கள் எந்த நாட்டுப் பிள்ளைகளாக இருந்தாலும், கறுத்த உடம்பைத் தொட்டுப் பார்க்க நான் முதலில் பழக்குவேன். தானாக அசைய ஏலாதவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதடவையாவது புரட்ட வேண்டும் என்பது ஒன்ராறியோ விதி. தலையணையை வைப்பதிலும் முறை உண்டு. கெண்டைக்காலுக்கு அடியில் வைத்துக் குதிக்கால் எதிலும் முட்டாமல் நிற்கும்படி விட வேண்டும். குதியில் ஒருமுறை கறுத்துப்போனால் அது ஆற மாதக்கணக்கில் எடுக்கும். சிலருக்கு ஆறாமலே போகும்.

குளிப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

கிழமைக்கு இரண்டு குளிப்பாவது கொடுக்க வேண்டும், அதுவும் அவர் விரும்பும் முறையில் என்று விதி இருக்கிறது. வடமராட்சி ஆச்சி ஒருவர் எங்களிடம் வந்தார். மறதி நோய் முற்றி, பழகிய ஆங்கிலச் சொற்களும் போய்விட்டன. குளிப்பு நாள் வந்தால் அடிப்பார், நுள்ளுவார், கடிப்பார். அவருடைய கோப்பில் "குளிப்பை எதிர்ப்பவர்" என்று ஏறிவிட்டது. இரண்டு பேர் அறையிலேயே உடுப்பைக் கழற்றி, ஒரு துவாயால் போர்த்தி, குளிப்புக் கதிரையில் இருத்திக் கொண்டுபோய், கைஷவரைத் திறப்பார்கள். எங்களுக்குப் பழக்கிய முறைதான். ஆனால் அந்த ஆச்சி வாழ்நாளெல்லாம் கிணற்றடியில் குறுக்குக்கட்டோடு குளித்தவர். பெற்ற மகள்கூட அவரை வெற்றுடம்போடு கண்டிருக்க மாட்டாள். முகம் தெரியாத இரண்டு பேர் வந்து உரித்தால் அவர் வேறு என்ன செய்வார்?

மகளிடம் சொல்லி, பழைய நூல் சேலையில் ஒரு துண்டு கொண்டுவரச் சொன்னேன். அறையில் வைத்து நெஞ்சுக்குக் குறுக்கே கட்டிவிட்டேன். முடிச்சை அவரே இறுக்கிக்கொண்டார். கைஷவரைத் திறக்கவில்லை, அவருடைய பெயர் ஒட்டிய ஒரு வாளியும் ஒரு சின்னக் குவளையும் வைத்தேன். என் மணிக்கட்டில் தண்ணீரை ஊற்றிப் பார்த்து, பிறகு அவருடைய கையில் ஊற்றி, "சூடு காணுமோ ஆச்சி?" என்று கேட்டேன். "கொஞ்சம் ஆறவிடு" என்றார். பாதத்தில் தொடங்கி மேலே வந்தேன். தலைக்கு வரும்போது குவளையை அவரே வாங்கி வார்த்துக்கொண்டார். குளித்து முடிந்ததும் உலர்ந்த துண்டொன்றை மேலால் சுற்றிக் கொடுத்தேன். உள்ளே இருந்த ஈரத் துண்டை அவர் தானே நழுவவிட்டார். கிணற்றடியில் பெண்கள் காலம்காலமாக மாற்றும் முறை அது. பிள்ளைகளின் பெயரை மறந்த கைக்கு அது மறக்கவில்லை.

என்னோடு வேலை செய்யும் ஜமேக்காப் பெண்ணுக்கும் பிலிப்பைன்ஸ் பெண்ணுக்கும் அந்தக் கட்டைக் கட்டப் பழக்கினேன். பராமரிப்புத் திட்டத்தில் தாதி அதை எழுதிச் சேர்த்தார். நான் லீவில் நிற்கும் நாளிலும் ஆச்சி குறுக்குக்கட்டோடுதான் குளிக்கப் போவார். அதற்குப் பிறகு அவர் கடித்ததாக யாரும் எழுதவில்லை. முதல் நாளே மகள் இதைச் சொல்லியிருந்தால் அந்த ஆச்சி அவ்வளவு நாள் பயந்து அழுதிருக்க மாட்டார். மகளைக் குறை சொல்லமாட்டேன். இதெல்லாம் சொல்ல வேண்டிய விசயம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

பெயரும் அப்படித்தான். எங்கள் ஆட்களின் கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் ஒரு பக்கம், சொந்தப் பெயர் ஒரு பக்கம். கனடாப் பத்திரங்களில் அது பலருக்கு மாறி ஏறியிருக்கிறது. ஒரு அம்மாவை எல்லோரும் அவருடைய தகப்பன் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். காலையில் அந்தப் பெயரைச் சொல்லி எழுப்பினால் அவர் வாசலைப் பார்த்து, "அப்பா வயலுக்குப் போட்டார்" என்பார். பெயர் சொன்னால் விளங்குவதில்லை, குழப்பமாகப் பேசுகிறார் என்று எழுதிவைத்திருந்தார்கள். அவர் சரியாகத்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு இன்றைக்கும் நெஞ்சை அடைக்கும் விசயம் அது.

சாப்பாட்டறையில் நாங்கள் மிகவும் பயப்படுவது புரையேறுவதற்கு. மறதி நோய் முற்றும்போது விழுங்கும் தசைகளும் தளர்ந்துவிடும். தண்ணீர்தான் எல்லாவற்றிலும் ஆபத்து. சட்டென்று ஓடி மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். அதனால் மாக்கலந்து தடிப்பாக்கிய தண்ணீரும் மசித்த சாப்பாடும் கொடுப்போம். எவருக்கு எந்தத் தடிப்பு என்று விழுங்குதலைச் சோதிக்கும் நிபுணர் பார்த்துத் தீர்மானிப்பார். நிமிர்ந்து இருந்துதான் சாப்பிட வேண்டும். சாப்பிட்டு அரை மணித்தியாலமாவது படுக்கவிடக் கூடாது. நான் பக்கத்தில் கதிரை போட்டு, அவருடைய கண்மட்டத்தில் இருந்து, சின்னக் கரண்டியில் கொடுப்பேன். தொண்டை ஒருமுறை ஏறி இறங்குவதைக் கண்டபிறகுதான் அடுத்த கரண்டி. நின்றுகொண்டு ஊட்டினால் அவர் அண்ணாந்து வாங்குவார், அண்ணாந்தால் புரையேறும்.

எங்கள் பிள்ளைகள் ஆசையாகச் சமைத்துக் கொண்டுவருவார்கள். புட்டு கொண்டுவருவார்கள். விழுங்கக் கஷ்டப்படுகிறவருக்குப் புட்டைப் போல ஆபத்தானது குறைவு: உதிரியாக வாய் முழுக்கப் பரவி, ஒன்றாகச் சேராமல் ஒவ்வொரு குறுணியாக வழி மாறிப் போகும். "அம்மா புட்டுக்குத்தான் உயிரை விடுவா" என்று மகள் சொல்லும்போது மறுப்பது கஷ்டம். ஆனாலும் மறுப்பேன். பிறகு அந்த மகளோடு இருந்து, உணவு ஆலோசகரையும் கூப்பிட்டு, வேறு என்ன கொடுக்கலாம் என்று கதைப்பேன். நன்றாகக் காய்ச்சி வடித்த குரக்கன் கூழ், நைய மசித்த பருப்பும் சோறும், பூசணியை அவித்து மசித்துத் தேங்காய்ப்பாலில் குழைத்தது. உறைப்புக்கும் புளிக்கும் தடையில்லை. மசித்த உணவு என்றால் உப்புச் சப்பில்லாமல் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. மிளகு வாசம் வந்தால் வாயைத் திறக்கும் ஆட்களை நான் கண்டிருக்கிறேன்.

எனக்குத் தெரிந்தவற்றில் பெறுமதியானது எந்த வகுப்பிலும் வராது. தினமும் ஒரே ஆளைத் தொட்டுத் தூக்கி ஊட்டி வருகிறவளுக்கு மட்டும் தெரியும் ஒன்று அது. காலையில் நான் போர்வையை விலக்கினால் என்னை ஏசுகிற ஐயா ஒருவர் இருந்தார். தபால் கந்தோரில் பெரிய பதவியில் இருந்தவர். ஏச்சும் நல்ல இலக்கணத்தோடு வரும். ஒருநாள் ஏசவில்லை. காய்ச்சல் இல்லை, பிரஷர் சரி, வலி இல்லை என்று தலையை ஆட்டினார். நான் தாதியிடம் போய், "ஐயா இன்றைக்கு ஏசவில்லை" என்று சொன்னேன். அந்தத் தாதி நல்லவர். சிரிக்காமல் எழுதிக்கொண்டு டொக்டரிடம் சொன்னார். சலத்தில் கிருமி இருந்தது. வயதானவர்களுக்குக் கிருமித் தொற்று வந்தால் காய்ச்சல் காயாமலே இருக்கலாம். திடீரென்று குழம்புவார்கள் அல்லது அடங்கிப்போவார்கள். முப்பது பேருக்கு மருந்து கொடுத்துக்கொண்டு ஓடும் தாதிக்கு அந்த அடக்கம் கண்ணில் படாது. சுவரில் பொருத்திய கணினித் திரையில் நாங்கள் ஒவ்வொருவருக்கும் குறிக்கிறோம்: எவ்வளவு சாப்பிட்டார், எத்தனை மில்லிலீற்றர் குடித்தார், மலம் எப்படி, எத்தனை பேர் பிடித்துத் தூக்கினோம். "ஏசவில்லை" என்று குறிக்க அதில் கட்டம் இல்லை.

இதனால்தான் ஆட்களை மாற்றி மாற்றி அனுப்புவதை நான் வெறுக்கிறேன். ஏஜென்சியில் இருந்து வரும் பிள்ளைகள் என்னைவிடச் சோம்பேறிகள் இல்லை. இன்றைக்கு இங்கே, நாளைக்கு வேறெங்கோ. யார் எதை எப்படிக் குடிப்பார் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? ஒன்ராறியோவில் 2021இல் புதிய நீண்டகாலப் பராமரிப்புச் சட்டம் நிறைவேறி 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. தாதியரும் பி.எஸ்.டபிள்யூக்களும் நேரடியாகக் கொடுக்கும் பராமரிப்பு ஒருவருக்கு நாளொன்றுக்கு நான்கு மணித்தியாலமாக வேண்டும் என்று 2025 மார்ச்சை இலக்காக வைத்தார்கள். அது மாகாணம் முழுவதற்குமான சராசரி. உங்கள் அம்மாவுக்கு நான்கு மணித்தியாலம் என்ற உரிமை அதில் இல்லை. ஆனாலும் கேளுங்கள். அம்மாவின் தளத்தில் இன்றைக்கு எத்தனை பேர் வேலைக்கு வந்தார்கள், வராதவர்களின் இடத்துக்கு யார் என்று கேட்கும் பிள்ளைகள் இருக்கும் தளத்தில் ஆள் குறைவது குறைவு. என் அனுபவத்தில் கண்டது இது.

2020ஐ, அந்தக் கொரோனா வருடத்தைப் பற்றி எழுதக் கை வருவதில்லை. சிலவற்றை மட்டும் எழுதுகிறேன். அதுவரை எங்களில் பலர் இரண்டு இடத்தில் வேலை செய்தோம். முழுநேர வேலை கிடைப்பது அரிதாக இருந்தது. ஓரிடத்தில் சில ஷிஃப்ட், இன்னோரிடத்தில் சில ஷிஃப்ட் என்று சேர்த்துத்தான் வீட்டு மோர்கேஜ் கட்ட முடிந்தது. ஏப்ரல் 22இல் இருந்து ஒருவர் ஓர் இல்லத்தில்தான் வேலை செய்யலாம் என்று அரசாங்கம் கட்டளை போட்டது. கிருமியை நாங்களே காவிக்கொண்டு போகிறோம் என்பதால் அது வேண்டியிருந்த கட்டளை. நானும் இரண்டு வேலையில் ஒன்றை விட்டேன். பழைய கட்டிடங்களில் அப்போது நான்கு பேருக்கு ஓர் அறை, நடுவில் திரைச்சீலை மட்டும். ஒருவருக்கு வந்தால் நால்வருக்கும் வந்தது. சில இல்லங்களுக்கு இராணுவத்தை அனுப்பினார்கள். மே மாதம் வெளிவந்த அவர்களுடைய அறிக்கையைப் படித்து நாடே அதிர்ந்தது. அதில் எழுதியிருந்த ஆள் பற்றாக்குறை எங்களுக்குப் புதிதாக இருக்கவில்லை. நீதிபதி ஃபிராங்க் மரோக்கோ தலைமையிலான ஆணைக்குழு 2021 ஏப்ரல் முடிவில் அறிக்கை கொடுத்தபோது, ஒன்ராறியோ இல்லங்களில் ஏறத்தாழ 4,000 முதியவர்களும் 11 பணியாளர்களும் இறந்திருந்தார்கள்.

அந்த மாதங்களில் நான் வீட்டில் பேஸ்மென்டில் தனியே இருந்தேன். பிள்ளைகள் படியில் சாப்பாட்டை வைத்துவிட்டு மேலே ஓடுவார்கள். வேலையில், மூச்சு இழுத்துக்கொண்டிருந்த ஓர் அப்பாவின் காதருகே டப்லெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மறுபக்கத்தில் மகள் தேவாரம் பாடினார். பாட்டு முடியும்வரை கையை மாற்றாமல் நின்றேன். அடுத்த அறையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

சாவு எங்கள் வேலையின் ஒரு பகுதி. முழங்காலில் ஊதாக் கோலம் படரும், மூச்சு நின்று நின்று வரும், வாய் உலரும். பஞ்சுக் குச்சியை நனைத்து உதட்டையும் நாக்கையும் ஈரப்படுத்த வேண்டும். காது கடைசிவரை கேட்கும் என்று நம்பித்தான் நாங்கள் அந்த அறையில் கதைப்போம். போனபிறகு கழுவி, தலை இழுத்து, பொய்ப்பல்லைப் போட்டுவிடுவேன். பிறகு போட ஏலாது, பிள்ளைகள் வரும்போது அவர்களுக்குத் தெரிந்த முகம் இருக்க வேண்டும். சைவக்காரராக இருந்தால் பையில் வைத்திருக்கும் விபூதியைப் பூசிவிடுவேன். குடும்பம் விரும்பும் என்று தெரிந்தால் மட்டும்.

என் வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

இந்த வேலை உடம்பில் எழுதிவிட்டுப் போகும். என் வலது தோள் உயராது. சேலை உடுத்த மகள் வர வேண்டும். ஞாயிறு பகல் ஷிஃப்டுக்கு ரொறன்ரோவில் சப்வே உதவாது. ஏழு மணிக்கு வேலை, ஞாயிறில் சப்வே எட்டு மணியளவில்தான் ஓடத் தொடங்கும். இரவு பஸ்ஸைப் பிடித்து, பனியில் மாறி ஏறிப் போவோம். அந்த பஸ்ஸில் இருப்பவர்கள் பெரும்பாலும் எங்களைப் போன்ற பெண்கள்தான். யார் எந்த நிறுத்தத்தில் இறங்குவார் என்று டிரைவருக்குத் தெரியும். கணவருக்கு இரவு வேலை. நான் வெளிக்கிடும் நேரம் அவர் வருவார். கதவடியில் நின்று கதைத்துத்தான் பிள்ளைகளை வளர்த்தோம்.

அம்மாவை ஸ்பொன்சர் செய்து கூப்பிட்டோம். ஊரில் ஆசிரியையாக இருந்தவர். முதல் சில வருடம் அவர்தான் என் பிள்ளைகளுக்குத் தமிழும் கணக்கும் சொல்லிக்கொடுத்தார். பிறகு அடுப்பில் வைத்ததை மறந்தார். கடவுச்சீட்டை அரிசி வாளிக்குள் ஒளித்தார். பின்னேரம் நாலு மணியானால் கைப்பையை எடுத்துக்கொண்டு, "வீட்டை போவம் பிள்ளை, இருட்டப்போகுது" என்பார். என் வேலையில் தினம் காணும் நோய்தான். அறிகுறிகளை எல்லாம் எனக்கு வரிசையாகச் சொல்லத் தெரியும். ஆனால் வேலையில் மூன்று மணிக்கு நான் கையைக் கழுவிக்கொண்டு வெளியே வருவேன், அடுத்த ஷிஃப்டில் இன்னொருத்தி புதிய பொறுமையோடு வருவாள். வீட்டில் ஷிஃப்ட் மாறாது. நானும் கணவரும் இரண்டு பிள்ளைகளும் பகுதி பகுதியாகப் பார்த்தோம். மகன் பரீட்சைக்குப் படிப்பது அம்மம்மாவின் கட்டிலடியில். ஒரு ஜனவரி இரவு அம்மா வீட்டுச் செருப்போடு வெளியே நடந்து போய்விட்டார். போலீஸ்தான் கூட்டிக்கொண்டு வந்தார்கள். கால்விரல்கள் தப்பியது கடவுள் புண்ணியம்.

அதன்பிறகு இல்லத்துக்கு விண்ணப்பம் போட்டோம். ஐந்து இல்லங்கள்வரை தெரிவுசெய்யலாம். பிறகு காத்திருக்க வேண்டும். தங்கள் மொழியும் சாப்பாடும் உள்ள இல்லங்களுக்குக் காத்திருப்பு இன்னும் நீளம். சீனர்கள் 1994இலேயே ஸ்காபரோவில் யீ ஹொங் என்ற இல்லத்தைத் தங்கள் முதியவர்களுக்காகத் திறந்துவிட்டார்கள். அவர்களுடைய முன்யோசனையை நினைத்து நான் ஏங்கியிருக்கிறேன்.

லண்டனில் இருக்கும் தமையன் ஃபோனில் அழுதார். ஒரு மாமி நேரே கேட்டார்: "ஊர்ச் சனத்தின்ர தாய்மாரை எல்லாம் நீ பாக்கிறாய், உன்ர தாயை நீ கொண்டுபோய் விடலாமோ?" நான் சொன்னேன்: "மாமி, இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய ஆளை நான் ஒருத்தி தூக்கினால் அம்மாவும் விழுவா, நானும் விழுவன். அங்க லிஃப்ட் இருக்கு. இரவு முழுக்க முழிச்சிருக்கிற ஆள் இருக்கு. நான் நாளைக்கும் அம்மாவுக்கு மகளா இருக்கவேணும்." மாமி பதில் சொல்லவில்லை. ஆனால் அம்மா இல்லத்துக்குப் போனபிறகு, செவ்வாய்க்கிழமைகளில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்கு அவர்தான் போய் ஊட்டுகிறார். ஊட்டும் முறையை நான் பழக்கினேன். வெட்கப்பட்டுப் பேசாமல் இருப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

அம்மா போனது நான் வேலை செய்யும் இல்லத்துக்கு அல்ல, வேறொன்றுக்கு. சேர்க்கும் நாளில் பத்திரங்களோடு ஒரு தாளையும் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். அலுமாரிக் கதவின் உள்பக்கத்தில் ஒட்டிவிட்டார்கள். அதில் இருந்தவை இவை. இது இவருடைய பெயர்; பத்திரத்தில் முதலில் உள்ளது தகப்பன் பெயர், அதைச் சொல்லிக் கூப்பிட வேண்டாம். "ரீச்சர்" என்றால் எந்த நேரமும் திரும்பிப் பார்ப்பார். இடது காது கேளாது. தலைமுழுக்குச் செவ்வாயும் வெள்ளியும். முடியுமானால் குளிப்பு நாளை அப்படியே போடுங்கள். குளிக்கும்போது துண்டு கட்டவேண்டும். காலையில் விபூதி பூசாமல் வாயில் ஒன்றும் வைக்கமாட்டார். மேசை லாச்சியில் இருக்கிறது. மாட்டிறைச்சி வேண்டாம், அது பட்ட கரண்டியும் வேண்டாம். வெறுந்தேத்தண்ணி, சீனி அதிகம். நாலு மணிக்கு வீட்டுக்குப் போகவேணும் என்பார். இதுதான் வீடு என்று வாதாட வேண்டாம். கொப்பிகளும் சிவப்புப் பேனையும் வைத்திருக்கிறேன், "ரீச்சர், இதைத் திருத்தவேணும்" என்று கொடுங்கள். 1987இல் வடமராட்சியில் ஷெல்லடிக்குள் இருந்தவர், வெடிச்சத்தம் ஆகாது. தண்ணி, வலி, கழிப்பறை, குளிர் என்பவற்றுக்கான தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் கீழே எழுதியிருக்கிறேன். எந்த நேரமும் எனக்கு ஃபோன் எடுக்கலாம்.

விக்ரோறியா நாளன்று இரவு பத்தரைக்கு ஃபோன் வந்தது. கானாவைச் சேர்ந்த ஒரு பி.எஸ்.டபிள்யூ. பக்கத்துப் பூங்காவில் வாணம் விடுகிறார்கள், ரீச்சர் கட்டிலுக்கு அடியில் போகப் பார்க்கிறார், யன்னலை மூடிவிட்டேன், கொப்பியும் கொடுத்தேன், வாங்கமாட்டேன் என்கிறார், வேறு என்ன செய்யலாம் என்று கேட்டார். பின்னால் அம்மாவின் குரல் கேட்டது. பிள்ளைகளை உள்ளே வரச்சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார். யன்னல் இல்லாத நடைக்குக் கூட்டிக்கொண்டு போய் இருத்தச் சொன்னேன். ஃபோனை வலது காதில் வைக்கச் சொன்னேன். "ரீச்சர், பிள்ளையள் எல்லாரும் உள்ளுக்கு வந்திட்டினம், எண்ணிப் பாத்திட்டன், ஒருத்தரும் வெளியில இல்லை" என்றேன். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் ஃபோனை வாங்கி, இப்போது கதிரையில் இருக்கிறார், என் கையைப் பிடித்திருக்கிறார், வாணம் முடியும்வரை நான் பக்கத்தில் இருக்கிறேன் என்றார். அவருடைய மற்ற ஆட்களை யார் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அடுத்த நடையில் நிற்கும் பெண் ஓடி ஓடிப் பார்ப்பாள்.

அடுத்த நாள் வேலை முடிந்து அங்கே போய், தாளில் ஒரு வரி கூட்டி எழுதினேன்: வாணம் விடும் நாட்களில் இருட்டுவதற்கு முன்னமே ரீச்சரை உள்நடைக்குக் கூட்டிக்கொண்டு போகவும், பிள்ளைகள் எல்லோரும் உள்ளே என்று சொல்லவும். அடுத்த வாண நாள் ஜூலை 1. அன்றிரவு நான் வந்து நிற்கிறேன்.